மூக்கின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

என் முகத்தின் இடது பாதியில் ‘குடை’ வசிக்கிறது. வலது பாதியில் ‘மேகம்’. இரண்டும் சந்தித்துக்கொள்ளாமல் இருக்க, நெற்றியில் தொடங்கி மூக்கின் மேலாக இறங்கித் தாடை வரைக்கும் துத்தநாகப் பசையால் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். விவரம் தெரியாதவர்கள் அதை நாமம் என்று நினைத்து எந்தக் கோயில் என்று விசாரிப்பார்கள். தெரிந்தவர்கள் எழுந்து இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மெட்ரோவில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். பையை வைத்துக்கொள்ள வசதி.

ஒப்பிடுவது என் தொழில். தரமணியில் ஒரு நுகர்வோர் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். முகத்துக்கான வெயில் காப்புகளில் எதில் என்ன கலந்திருக்கிறது, எது தோலுக்கு என்ன நன்மை செய்கிறது, எது வெறும் விளம்பரம் என்று சோதித்து எழுதி வெளியிடுவோம். மக்கள் அதைக் கவனமாகப் படித்துவிட்டு, தாங்கள் ஏற்கெனவே வாங்கியதுதான் சிறந்தது என்று முடிவு செய்துகொள்வார்கள்.

ஒரு காலத்தில் இந்த வேலை சுலபமாக இருந்திருக்க வேண்டும். துத்தநாகம் கலந்த களிம்பு வெயிலைத் தோலுக்கு மேலேயே நிறுத்தும். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். வேதிப்பொருள் கலந்தது நிறம் காட்டாது. ஆனால் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் எரியும். நியாசினமைடு சேர்த்தது கரும்புள்ளியைக் குறைக்கும், ஹையலூரானிக் சேர்த்தது ஈரத்தைப் பிடித்து வைக்கும். எதைப் பூசினாலும் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூச வேண்டும். சென்னை வியர்வையில் அது பேருந்து நிறுத்தம் வரைகூடத் தாங்காது. அப்போது இந்த வேலையில் இருந்தவர்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

பிறகு வானத்தின் மேலடுக்கு மெலிந்துபோயிற்று. கால் மணி நேர வெயிலில் கன்னம் கொப்பளித்தது. அப்போதுதான் உயிருள்ள காப்புகள் வந்தன. இவற்றைப் பூசுவதில்லை, முகத்தில் குடியேற்றுகிறோம். குடை என்பது ஒரு பாக்டீரியா. கடற்பாசியின் மரபணு ஒன்றை அதற்குள் வைத்திருக்கிறார்கள். மேகம் ஒரு வகை ஈஸ்ட். இரண்டும் நம் தோலின் எண்ணெயைத் தின்று வாழ்ந்து, வெயிலைத் தடுக்கும் பொருளைத் தாமாகவே சுரந்துகொண்டிருக்கும். ஒரு தடவை குடியேறினால் ஆயுசுக்கும் போதும். குடை தோலை ஈரமாக வைத்திருக்கும். மேகம் தழும்பை ஆற்றும். வேறு பெரிய வித்தியாசம் கிடையாது. என் தொழில்முறைக் கருத்து அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சங்கதி உண்டு. குடை மேகத்தைக் கண்டால் நஞ்சு சுரந்து கொல்லும். மேகமும் அப்படியே. கன்னத்தோடு கன்னம் பட்டாலும், ஒருவர் தொட்ட விரல் இன்னொருவர் முகத்தில் பட்டாலும், இரண்டும் அடித்துக்கொண்டு செத்து, அந்த இடம் வெறும் தோலாகிவிடும். ‘அந்நியக் கிருமிகளிடமிருந்து கூடுதல் பாதுகாப்பு’ என்று இரண்டு கம்பெனிகளும் பெட்டியில் அச்சிட்டிருக்கின்றன. ஒருமுறை வாடிக்கையாளரானவர் குடும்பத்தோடு கடைசிவரை வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்பதற்கு எவ்வளவு அழகான சொல்!

ஊரும் சும்மா இருக்குமா? வரன் தேடும் விளம்பரங்களில் நட்சத்திரத்துக்கு அடுத்த வரியில் குடையா மேகமா என்று போட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடங்களில் குடைப் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை, மேகப் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. நலங்கு வைக்கும்போது சந்தனத்தை நீளமான கரண்டியால் தள்ளி நின்று பூசுகிறார்கள்.

எனக்குக் கல்யாணமானபோது இதெல்லாம் சந்தைக்கு வந்திருக்கவில்லை. வந்தபோது, அப்போது என் கணவராக இருந்த கவினின் அலுவலகம் ஊழியர்களுக்கு மேகத்தை இலவசமாகப் போட்டது. என் அலுவலகம் குடையை. இலவசத்தை யார் விடுவார்கள்? வீட்டில் இரண்டு துண்டு, இரண்டு தலையணை என்று ஆரம்பித்து இரண்டு அறை வரைக்கும் போயிற்று. பிரிவதற்கு வேறு காரணங்களும் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சண்டைக்குப் பிறகு முகத்தோடு முகம் வைத்துச் சமாதானமாகும் வாய்ப்பு எங்களுக்கு இருக்கவில்லை.

மகள் மிருதுளாவுக்கு அவள் அத்தை முந்திக்கொண்டு மேகம் போட்டுவிட்டாள். நீதிமன்றத்தில் அது ஒன்றே போதுமானதாக இருந்தது. குழந்தை எந்தக் காப்பில் இருக்கிறதோ அந்தக் காப்புள்ள பெற்றோரிடம் வளரட்டும் என்றார்கள். மிதுவுக்கு இப்போது எட்டு வயது. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்னிடம் வருவாள். நான் அவள் முகத்தைத் தொடக் கூடாது. என் கையில் எப்போதும் குடை ஒட்டியிருக்கும். போன வருடம் பள்ளியில் ஒரு குடைப் பெண் விளையாட்டாக அவள் கன்னத்தைக் கிள்ளிவிட, மிதுவின் முகத்தில் பாதி மேகம் செத்துவிட்டது. திரும்பக் குடியேற்ற டாக்டர் படாத பாடு பட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிடிக்குமா என்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார். பிடிக்காவிட்டால் என் மகள் திரைச்சீலைக்குப் பின்னால்தான் வளர வேண்டும்.

ஒரே வெயிலில், ஒரே தோலில் இரண்டையும் ஒப்பிட வேண்டும், பாதி முகத்தில் மேகத்தைக் குடியேற்றிக்கொள்ள யாராவது சம்மதிப்பீர்களா என்று எங்கள் இயக்குநர் சுகுமாரி மேடம் கேட்டபோது, அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நான் கையைத் தூக்கினேன். தியாகம் என்றார்கள். பூங்கொத்துகூடக் கொடுத்தார்கள், மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று. வலது கன்னம் மேகமாகிவிட்டால் அந்த ஒரு கன்னத்தையாவது என் மகள் தொடலாம். என் தியாகம் அதற்குமேல் ஒன்றுமில்லை.

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மிது என்னைப் பார்த்ததும் என் வலது கன்னத்தை நுனிவிரல்களால் தொட்டு, அந்த விரல்களைத் தன் உதட்டில் ஒற்றி ‘ம்ச்’ என்று சத்தம் கொடுப்பாள். குழந்தையாக இருந்தபோது நான் அவளைக் கொஞ்சிய விதம் அது. அந்த ‘ம்ச்’சை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை நான் ஓட்ட வேண்டும்.

நாங்கள் சந்திப்பது கோளரங்கத்தில். வெயில் இல்லாத, இருட்டான, குளுகுளுவென்ற இடம். வாரமெல்லாம் உச்சி வெயிலில் சோதனைக்கூட மொட்டைமாடியில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தச் சாய்வு நாற்காலி போதும். சனிக்கோளின் வளையம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். வெளியே கவின் காப்பி குடித்தபடி காத்திருப்பார்.

அந்த ஞாயிறும் தூங்கிவிட்டேன். முகத்தில் ஏதோ பட்டு விழித்தபோது, மிதுவின் விரல்கள் என் இடது கன்னத்தில் இருந்தன. நான் கையைத் தட்டிவிடுவதற்குள் அவை அவள் உதட்டுக்குப் போய்விட்டன.

“ஏய்! என்னடி பண்ற நீ? அது குடைடி!”

நான் கத்தியதில் மொத்தக் கூட்டமும் வானத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. பையிலிருந்த துத்தநாகப் பசையைப் பிதுக்கிக் கைக்குட்டையில் எடுத்து அவள் வாயைச் சுற்றித் தேய்த்தேன். தேய்க்கிற கை என் கைதான், அதிலும் குடை இருக்கும் என்பது பாதியில்தான் உறைத்தது. கையை இழுத்துக்கொண்டு அழுதேன். என் மகளுக்கு உதவக்கூட என் கை லாயக்கில்லை.

“அழாதம்மா. நான் எப்பவும் இப்டிதான் பண்ணுவேன். நீ தூங்கிடுவ, உனக்குத் தெரியாது” என்று மிது விசும்பினாள்.

என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். கவின் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தர்ஷி, நீ கிட்ட வராத. நான் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் தலையில் துணியைப் போர்த்தி அழைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை நான் வீட்டில் செய்த ஒரே காரியம் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். தெருவிளக்கு எரிந்தது, எதிர் மாடியில் யாரோ துணி எடுத்தார்கள், குக்கர் விசில் கேட்டது. எனக்கு விளக்குப் போடத் தோன்றவில்லை. மேகம் சாவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். முதலில் சிவக்கும், பிறகு தோல் உரியும். போன வருடம் அவள் முகம் இருந்த இருப்பை நினைக்காமல் இருக்க, குடையில் உள்ள பொருள்களை வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

ஒரு வழியாகக் கவின் கூப்பிட்டார்.

“ஒண்ணும் ஆகல.”

“நல்லா பாத்தீங்களா? உதட்டோரம்? மூக்குக்குக் கீழ?”

“டாக்டர்கிட்டயே காட்டிட்டேன். எல்லாம் நல்லா இருக்குதாம். போன மாசத்த விட நல்லா இருக்குதுன்றாரு. ஏதோ தப்பிச்சோம். ஆனா இனிமே நீ தூங்கக் கூடாது தர்ஷி.”

‘ஏதோ தப்பிச்சோம்’ என்று ஒன்று கிடையாது, எதற்கும் காரணம் இருக்கும் என்பது என் தொழிலில் முதல் பாடம். மறுநாள் வேலைக்குப் போனதும் நேராக பெனாசிரிடம் போய் நின்றேன். எங்கள் நுண்ணுயிர்ப் பிரிவு முழுவதும் அவள் ஒருத்திதான். சின்னப் பெண், நாசூக்கு என்றால் என்னவென்று கேட்பாள். என் இடது கன்னத்தில் பஞ்சுக் குச்சியை அழுத்தித் தேய்த்து எடுத்துக்கொண்டு போனாள். மதியம் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கூப்பிட்டாள்.

“மேடம், நீங்க கோட்டை ஒழுங்கா போடறீங்களா இல்லையா? உங்க இடது கன்னத்துல ரெண்டும் இருக்கு.”

“ரெண்டும்னா?”

“குடையும் மேகமும். பக்கத்துப் பக்கத்துல. சாகாம.”

“எப்படிச் சாகாம இருக்கும்?”

“நஞ்சு சுரக்கறதுன்னா சும்மா இல்ல மேடம், அதுக்கும் சாப்பாடு செலவாகும். ஒரேடியா ரெண்டையும் கலந்து விட்டா அடிச்சிக்கிட்டு எல்லாம் காலி. ஆனா யாரோ துளித்துளியா, வாராவாரம், இதுல அத கொண்டாந்து வச்சிருக்காங்க. அந்த அளவுக்குச் சண்டை பெருசா ஆகல. கூட்டத்துல எங்கயோ ரெண்டு மூணு, நஞ்சு சுரக்க வராத சோம்பேறிங்க இருந்திருக்கும். சண்டைக்காரனுங்க செலவு பண்ற சாப்பாட்டுல இதுங்க தின்னு கொழுத்துப் பெருகிடுச்சு. இப்ப இதுங்கதான் மெஜாரிட்டி.” அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். “வெயில் தடுப்பு பாருங்க. தனித்தனியா இருக்கறத விட அதிகம். ஈரமும் நிக்குது, தழும்பும் ஆறுது. யாரு மேடம் கொண்டாந்து வச்சது?”

“எப்பவும் இப்டிதான் பண்ணுவேன்” என்று அழுதவளின் முகம் கண்முன் வந்தது. என் இடது கன்னத்தை அவள் தொடவே முடியாது என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறுகளிலும், நான் தூங்கும்போது மிது அதைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சுகுமாரி மேடத்திடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தர்ஷினி, நல்ல விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா இது யாரோடது? குடைக்காரனும் கேஸ் போடுவான், மேகக்காரனும் போடுவான். ரெண்டு பேரோட சரக்கையும் கலந்து புதுசா ஒண்ணு பண்ணிட்டோம்னு சொல்லுவாங்க. நம்ம ஆபீச இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

“நம்ம பண்ணல மேடம். அதுவா ஆச்சு. மக்களுக்குச் சொல்ல வேணாமா? நம்ம வேலையே அதுதான.”

“சொல்லி? உங்க பொண்ணு பேரும் வெளிய வரும். நீதிமன்ற உத்தரவ மீறித் தொட விட்டீங்கன்னு ஞாயித்துக்கிழமையும் போயிடும். யோசிச்சுப் பாருங்க. முகத்தைச் சுத்தம் பண்ணிக்கங்க. சோதனைய இதோட நிறுத்திக்கலாம், இருக்கற கணக்க வச்சு அறிக்கைய முடிங்க.”

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். உலகத்துக்கு ஒரு நல்ல களிம்பா, எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்டால் நான் எதை எடுப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெனாசிர் என் கன்னத்து மாதிரியில் ஒரு குப்பி எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கண்ணால் கேட்டாள். மேடம் எல்லாக் குப்பிகளையும் கிருமி கொல்லும் நீராவிக் கலனில் போட்டுத் தாமே கைப்பிடியைத் திருகினார்.

என் முகத்தைக் கழுவியது பெனாசிர்தான். அந்த மருந்து ஊதா நிறத்தில் இருந்தது. இடது, வலது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொன்றது. உடம்பில் எதுவும் வலிக்கவில்லை. ஆனால் வலது கன்னத்தை அவள் துடைக்க வந்தபோது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அவள் என் விரல்களை மெல்ல விலக்கி, “மன்னிச்சிக்கங்க மேடம்” என்று சொல்லித் துடைத்தாள்.

வெறும் முகத்தில் புதிதாக எதையும் குடியேற்ற ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதுவரைக்கும் பழைய துத்தநாகம்தான், கோடாக இல்லை, முகம் முழுக்க. முன்பு மெட்ரோவில் பக்கத்து இருக்கைதான் காலியாக இருக்கும். இப்போது எதிர் இருக்கையும். காப்பு இழந்தவர்களுக்கு ஏதோ தொற்று என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். என்னைப் பார்த்தால் பயமாக இருக்கும்தான். நானே குளியலறைக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன். ஒப்பீட்டறிக்கையை முடித்துக் கொடுத்தேன். ‘இரண்டும் நன்று. எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது.’ மேடம் பாராட்டினார்.

ஞாயிறு வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கவின் இந்த முறை வெளியே நிற்காமல் உள்ளே வந்து, எங்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தார். காவலுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் நியாயம்தான்.

மிது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோடு எங்கம்மா?”

“இனிமே கோடு வேணாம்னு சொல்லிட்டாங்க.”

“அப்ப என் கன்னம்?”

தன் கன்னம் என்று அவள் சொன்னது என் வலது கன்னத்தை. “அது இல்லடா இப்போ. கழுவிட்டாங்க” என்றேன். அழாமல் சொல்ல நான்கு நாளாகப் பழகியிருந்தேன். பயன்படவில்லை.

விளக்குகள் அணைந்தன. மேலே நட்சத்திரங்கள் வந்தன. நான் தூங்கவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியவில்லை. சிறிது நேரத்தில் பாவாடை சரசரத்தது. ஈரத் துணியின் நுனி என் கன்னத்துப் பசையைத் துடைத்தது. பிறகு விரல்கள். அவை என் கன்னத்திலிருந்து அவள் உதட்டுக்குப் போகவில்லை. அவள் கன்னத்தில் தேய்த்து எடுத்துவந்து என் கன்னத்தில் வைத்தாள். இடது பக்கம். பிறகு வலது பக்கம். மருந்து தடவுகிற நிதானத்தோடு.

டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதத்தைவிட நன்றாக இருக்கிறது. அவள் முகத்தில் இருந்தது வெறும் மேகம் இல்லை. துளித்துளியாக என்னிடம் கொண்டுவந்தவள், துளித்துளியாக என்னிடமிருந்து கொண்டும் போயிருக்கிறாள்.

நான் கண்ணைத் திறந்தேன். “மிது, இத வேற யாருக்காவது பண்ணியா?”

மாட்டிக்கொண்ட முகத்தோடு பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“அப்பாக்கு. அத்தைக்கு. வேன் ஆன்ட்டிக்கு. அப்புறம் கிளாஸ்ல அந்த வரிசைப் பிள்ளைங்க எல்லாத்துக்கும். அவங்களயும் இந்தப் பக்கம் யாரும் தொடறதில்லம்மா. பாவம்ல.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலயா?”

“ஊஹும்.”

பின் வரிசையிலிருந்து கவின் குனிந்தார். சன்னமான குரலில், “கீழ் வீட்டுக் குடைக்காரர் பையன நேத்து மறந்து தூக்கிட்டேன் தர்ஷி. என் மூஞ்சியப் புடிச்சு இழுத்தான். ராத்திரியெல்லாம் பயந்துட்டே இருந்தோம். அவனுக்கும் ஒண்ணும் ஆகல, எனக்கும் ஒண்ணும் ஆகல. உங்கிட்டதான் கேக்கணும்னு உள்ள வந்தேன்” என்றார்.

அவருக்குப் பதிலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அதற்கு நேரம் இருக்கிறது. மேடம் கழுவச் சொன்னது ஒரு முகத்தைத்தானே.

இரண்டு கைகளையும் நீட்டினேன். பழக்கதோஷத்தில் அவை பாதி வழியில் நின்றன. மிது தானாகவே முகத்தை முன்னே கொண்டுவந்து என் உள்ளங்கைகளுக்குள் வைத்தாள். மூன்று வருடத்தில் கன்னம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது; சூடு அதேதான். நெற்றியிலிருந்து தாடைவரை இரண்டு பக்கமும் வழித்தெடுத்து, விரல்களை என் நெற்றிப்பொட்டில் மடக்கி வைத்துத் திருஷ்டி கழித்தேன். பத்து விரலும் படபடவென்று நெட்டி முறிந்தன.

அந்தச் சத்தத்துக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.